திருநெல்வேலிச் சீமையின் ஆவிகளைப் படமாக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் துறையைச் சேர்ந்த இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

வரலாற்றையும் பேய்க்கதையையும் ஒன்றாகப் பிணைத்து, எங்கள் திருநெல்வேலிச் சீமையைக் களமாகக் கொண்டு அண்மையில் வெளிவந்த ஒரு திரைப்படத்தைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். படத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். ஒரு படத்தின் வசூலுக்கு இடையூறு செய்வது என் நோக்கமன்று. அதில் நேர்ந்திருக்கும் பிழை அந்த ஒரு படத்தோடு நின்றுவிடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பாளையக்காரர் காலத்தையும் நாட்டார் தெய்வங்களையும் கையிலெடுக்கும் ஆர்வம் உங்களில் பலரிடம் பெருகியிருக்கும் இந்நேரத்தில், அடுத்த படத்துக்கான கதை விவாதத்தில் அமர்ந்திருக்கும் எவருக்கேனும் இது பயன்படக்கூடும் என்றே பொதுவில் வைக்கிறேன்.

படத்தின் கதைக்கரு உண்மையிலேயே நல்ல கதைக்கரு. 1801ஆம் ஆண்டில் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, முற்றுகையிட்டிருக்கும் ஒரு பாளையக்காரரின் கோட்டைக்குள், கருப்பட்டிக் கூடையில் மறைத்து வெடிமருந்து கொண்டு செல்கிறாள் ஒரு பெண். அவளுடைய ஊர்த்தலைவரே அவளைக் காட்டிக்கொடுக்கிறார். கும்பினி அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்கிறார். உடலை ஒரு தாழிக்குள் இட்டு மூடிவிடுகிறார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்துச் சென்னையிலிருந்து வரும் இளைஞர்கள் சிலர் அந்தத் தாழியை உடைக்கிறார்கள். முதல் அரை மணி நேரம் படம் என்னைக் கட்டிப் போட்டது. தேரிக்காட்டின் செம்மணல், காற்றில் ஒன்றோடொன்று உரசும் காய்ந்த பனையோலைகள், அந்தி மங்கும் வேளையில் ஓடைக்கரையில் தனித்து நிற்கும் சுண்ணாம்பு பூசிய பீடம் ஆகியவற்றைப் பின்னணி இசை எதுவுமின்றிக் காட்டியிருந்த ஒளிப்பதிவாளரை மனமாரப் பாராட்டுகிறேன். அரங்கில் பேச்சு அடங்கிப் போனது.

ஆனால் தாழி உடைந்த பிறகு அந்தப் பெண் செய்வதெல்லாம் கொலை, கொலை, மேலும் கொலை. டீக்கடைக்காரரைக் கொல்கிறாள், வேன் ஓட்டுநரைக் கொல்கிறாள், பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கும் ஒரு கர்ப்பிணியைக் கிணற்றில் தள்ளுகிறாள். இவர்களுக்கும் அவளைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் என்ன தொடர்பு என்பதைப் படம் சொல்லவில்லை. அவள் எந்த ஊரைச் சேர்ந்தவள், யார் பெற்ற மகள், கும்பினிப் படையின் கண்ணில் மண்ணைத் தூவும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் இல்லை. இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, படம் முடியும்வரை அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை என்பதுதான். கடைசியில் கதாநாயகனும் மந்திரவாதி ஒருவரும் சேர்ந்து அவளைத் தாழியோடு எரித்துவிடுகிறார்கள், ஊர் மக்கள் குலவையிட்டுக் கொண்டாடுகிறார்கள், படம் முடிகிறது.

1801இல் கும்பினி அதிகாரி அவளுக்குச் செய்ததை, இன்றைய கதாநாயகன் இன்னொரு முறை செய்கிறார். அதற்குக் கைதட்ட வேண்டிய இடத்தில் எங்களை உட்கார வைத்திருக்கிறீர்கள். இதைப் படத்தின் கதை விவாதத்தில் ஒருவரும் சொல்லவில்லையா என்பதுதான் நான் முதன்மையாகக் கேட்க விரும்பும் கேள்வி.

ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கதைகளில் ஓர் ஆவி இப்படி முடிவதில்லை. அநியாயமாக வெட்டுப்பட்டோ, நம்பியவரால் ஏமாற்றப்பட்டோ, வயிற்றில் பிள்ளையோடோ இறந்துபோன ஒருவர் திரும்பி வருவது, தமக்கு நேர்ந்ததை ஊர் கேட்டாக வேண்டும் என்பதற்காக. கொன்றவனின் தொழுவத்தில் மாடு சாகும், அவன் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பயிர் கருகும். பிறகு குறி கேட்பார்கள். இன்னார்தான் வந்திருக்கிறார், இன்ன குறைதான் தீராமல் நிற்கிறது என்று தெரிய வரும். தெரிந்தபின் அந்த ஆவிக்குப் பீடம் போட்டு, நிலையம் என்னும் நிலையான இருப்பிடம் கொடுத்து, ஆண்டுதோறும் கொடை என்னும் விழா நடத்துகிறார்கள். கொன்றவனின் வழிவந்தவர்களும் செத்தவரின் வழிவந்தவர்களும் ஒரே சாமிக்கு வரி கொடுத்துக் கும்பிடும் கோயில்கள் இந்தச் சீமையில் உண்டு. அச்சம் இந்தக் கதைகளில் குறைவாக இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். எந்தக் கதவு எப்போது படாரென்று சாத்தும் என்பதைவிட, நம் குடும்பத்தில் யாரோ செய்த பாவம் நம் வாசலுக்கு வந்து நிற்கிறது என்பது பன்மடங்கு அச்சம் தருவது.

வில்லுப்பாட்டை ஒருமுறை விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது தனியே விளக்க வேண்டியதன்று. கதை பாடும் தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டும்போது கோத்திருக்கும் மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் குலுங்கும். பக்கத்தில் ஒருவர் குடத்தின் வாயில் பத்தி என்னும் தட்டையால் அடிக்க, அடிவயிற்றில் இறங்கும் ஒரு முழக்கம் எழும். பிறப்பு, வளர்ப்பு, வாலிபம் என்று கதை நிதானமாகத்தான் நடக்கும். நடுவே வேடிக்கைப் பேச்சும் உண்டு, பிள்ளைகள் உறங்கிவிடுவார்கள், பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். நடுச்சாமம் நெருங்கிக் கதை வெட்டுப்படும் இடத்துக்கு வரும்போது உடுக்கை முந்தும். குடத்தின் அடி நெருக்கமாகும். பேச்சுகள் தாமாக நின்றுபோகும். அதுவரை கூட்டத்தில் ஒருவராக நின்றிருந்த, சாமியாடும் கோமரத்தாடியின் தோள் முதலில் நடுங்கும், பிறகு தாடை நடுங்கும். இறந்தவர் தம் சாவைத் தாமே கேட்க வந்துவிட்டார் என்பதை அந்தக் கணத்தில் அங்கே நிற்கும் எவரும் மறுக்க மாட்டார். இதைவிடக் கச்சிதமாக அமைந்த திகில் காட்சி ஒன்றை எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டும் உருவாக்குவது கடினம். உங்கள் படத்திலோ வில்லுப்பாட்டுக் குழு ஒரே ஒரு காட்சியில், கதாநாயகன் காரில் ஊருக்குள் நுழையும்போது, சாலையோரத்தில் பாட்டு எதுவும் காதில் விழாமல் வாயசைத்துக்கொண்டிருக்கிறது.

அச்சமூட்டும் இந்தத் தெய்வங்களோடு எங்கள் மக்களுக்கு இருக்கும் உறவையும் படம் காணவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் சுடலைமுத்து, இசக்கியம்மாள், மாடசாமி, பேச்சிமுத்து என்று பெயர்கள் வரிசையாக வரும். மயானத்தில் வேட்டையாடும் சுடலைமாடனின் பெயரைத் தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு வைக்கிறார்கள். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் இசக்கியம்மனின் முன்னால் மண்ணால் செய்த குழந்தைப் பொம்மையையும் மரத்தொட்டிலையும் வைக்கிறார்கள். படத்தில் சுடலைமாடனின் பீடத்தின்மீது காமிரா ஊர்ந்து செல்லும்போதெல்லாம், ஏதோ தீய சக்தியின் இருப்பிடத்தைக் காட்டுவதுபோல இசை அலறுகிறது. அந்தப் பீடத்தின் முன்னால் முடியிறக்கிக் காதுகுத்திய பிள்ளைகள் இன்று அரங்கில் அமர்ந்து அதைப் பார்க்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பகைவனுக்கும் நிலையம் கொடுத்த சீமை இது. கும்பினிப் படையில் இருந்த போல் என்ற ஆங்கிலேயக் கேப்டன், 1809இல் திருவிதாங்கூர் எல்லைக் காவலரணைப் பிடிக்க நடந்த சண்டையில் படுகாயமுற்று இறந்து, தொலைவில் ஒரு மணற்காட்டில் புதைக்கப்பட்டார். அந்தக் கல்லறையில் உள்ளூர் மக்கள் அவரை ஆவியாக வழிபட்டதையும், அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைத்ததையும், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1849இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அவர் இந்த வழிபாடுகளை மதித்தவர் அல்லர். ஆயினும் கண்டதை எழுதிவைத்தார். ஊரைப் பிடிக்க வந்த வெள்ளைக்காரன், தன் மக்களையும் மண்ணையும் விட்டு இங்கே சாக நேர்ந்தான். அவனுக்கு உயிரோடிருக்கும்போது பிடித்தது எதுவோ அதையே கொடுத்து ஆற்ற வேண்டும் என்று அந்த எளிய மக்கள் நினைத்திருக்கிறார்கள். உங்கள் படத்தின் கும்பினி அதிகாரி, சவுக்கைச் சுழற்றிக் கொச்சைத் தமிழில் கத்துவதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. வரலாறும் ஆவியும் கலப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு கல்லறை போதும்.

கதையைத் தேடி வெகுதொலைவு போக வேண்டியதே இல்லை என்பதற்கு, நீங்கள் தேர்ந்தெடுத்த அதே 1801ஆம் ஆண்டிலிருந்து இன்னொன்றைச் சொல்கிறேன். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகு, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை, இடித்துத் தள்ளப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டார். 1801 மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. அந்தப் போரில் கும்பினித் தரப்பில் நின்ற வெல்ஷ் என்ற அதிகாரி பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். போர் ஓய்ந்தபின் தன் மகனைத் தேடிப் பிணங்களுக்கிடையே அலைகிறாள் ஒரு தாய். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். அவனைத் தூக்கப் போகிறவளைத் தடுத்து, தன்னைச் சாகவிட்டு அருகில் காயத்தோடு கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொல்கிறான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. தாய் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிச் செல்கிறாள். கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது, பெண்கள் அவர் உடல்மீது துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்துவிட்டதாகச் சொல்லி ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் கிட்ட நெருங்க அஞ்சி ஓடிவிடுகிறார்கள்.

இந்த நிகழ்ச்சியில் இருள் இருக்கிறது, பிணக்காடு இருக்கிறது, உயிரோடிருப்பவருக்காக எழும் ஒப்பாரி இருக்கிறது, ஆயுதம் ஏந்திய ஆண்களை விரட்டும் அம்மையின் அச்சம் இருக்கிறது. அன்றிரவு அந்தத் தாய் திரும்பிப் போனாளா, அவள் மகன் அவளைத் தேடி வந்தானா என்று ஒரு கதாசிரியர் கேட்கத் தொடங்கினாலே போதும்; மிச்சக் கதை தானாக வரும். வீரம், தியாகம் என்று மேடையில் முழங்குவதைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்றை அந்த ஆவி கொண்டு வந்திருக்கும்.

வரலாற்றுக் குறிப்புகள் எந்த இடத்தில் நின்றுபோகின்றனவோ அந்த இடத்தில் ஊர் தன் கதையைத் தொடங்குகிறது. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் முடிவு இவ்வாறுதான் என்று அறுதியிட்டுச் சொல்லும் ஆவணம் நம்மிடம் இல்லை. பிடித்துச் செல்லும் வழியில் சங்கரன்கோவிலில் வழிபட அனுமதி கேட்டு உள்ளே போனவர் சோதியில் கலந்து மறைந்தார் என்று மக்கள் சொல்கிறார்கள். கோவிலுக்குள் அந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு திரைக்கதை நுழையலாம். நுழைவதற்கு உரிமையும் உண்டு. ஆவணம் தெளிவாக இருக்கும் இடத்தில் மனம்போன போக்கில் மாற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது.

அப்படி மாற்றியவற்றில் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்கோட்டை. கும்பினியின் பீரங்கிகளுக்கு முன்னால் மண்சுவர் அத்தனை நாள் தாக்குப்பிடித்ததே அந்தப் போரின் வியப்பு. நீங்கள் காட்டும் கற்பனைப் பாளையத்துக்கோ வடநாட்டு அரண்மனையைப் போன்ற செதுக்கிய கல்மாடங்கள் இருக்கின்றன. கும்பினி அதிகாரியின் பங்களாச் சுவரில் அந்தப் பெண்ணின் புகைப்படம் தொங்குகிறது. அதன் கண்கள் அசைகின்றன. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ஓர் ஓவியமாக அதை வைத்திருந்தால் காட்சி எவ்வகையிலும் குறைந்திருக்காது.

இறந்தவரை இட்டுப் புதைக்கும் தாழியைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். ஆதிச்சநல்லூரும் சிவகளையும் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும், 1986 வரை எங்கள் மாவட்டமாக இருந்த மண்தான். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேட்டில் 1876இல் ஜாகோர் என்ற செருமானியரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தெடுத்தவற்றைப் பற்றி நாம் படித்து வளர்ந்தோம். சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமையுடையது என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. இறந்தவருக்கு நெல்லும் கலமும் இரும்புக் கருவியும் துணைவைத்து அனுப்பிய அந்த மனிதர்கள், பேயை அடைத்துவைக்கத் தாழி வனைந்தவர்கள் அல்லர். கும்பினிக் காலத்தில் கொலையுண்ட ஒரு பெண்ணை முதுமக்கள் தாழிக்குள் வைத்து மந்திரக் கயிறு சுற்றியதன் மூலம் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளை ஒன்றாகக் குழைத்துவிட்டீர்கள். அகழாய்வுக் குழிகளைக் காணப் பள்ளிப் பிள்ளைகள் ஆசையோடு செல்லத் தொடங்கியிருக்கும் காலத்தில், தாழி என்றாலே பேய் என்ற எண்ணத்தை அவர்கள் மனத்தில் விதைப்பது சிறிய பிழை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

மலையாள மந்திரவாதி பாத்திரத்தைச் சிலர் குறை கூறினார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுடலைமாடன் கதையிலேயே மந்திரத்தில் வல்ல காளிப்புலையன் வருகிறான். மலை தாண்டி வரும் மந்திரவாதி எங்கள் கதைகளுக்குப் பழைய விருந்தாளி.

என்னதான் செய்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய்ப் பட்டவராயன் சந்நிதி முன்னால் நின்று பாருங்கள். பக்தர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த தோல் செருப்புகள் அங்கே இருக்கும். பட்டவராயனாக வணங்கப்படுபவன் முத்துப்பட்டன். அந்தணனாகப் பிறந்த அவன், பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் குலப் பெண்கள் இருவரை மணப்பதற்காகப் பூணூலைக் களைந்து, அவர்கள் தந்தை கேட்டபடி செருப்புத் தைக்கும் தொழிலையும் ஏற்றுக்கொண்டான். மாடுகளைக் கவர வந்தவர்களோடு பொருது மாண்டான். மனைவியர் இருவரும் அவனோடு தீயில் இறங்கினர். அவர்கள் மூவரையும் ஊர் தெய்வமாக்கியது. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை இக்கதைப்பாடலைப் பதிப்பித்து அரைநூற்றாண்டு ஆகிறது. சாதி மீறிய ஒரு திருமணத்தை இத்தனை காலமாக மறக்கவிடாமல் வைத்திருப்பது அந்தச் செருப்புகள்தாம். ஆடி அமாவாசைக்குக் கூடும் கூட்டத்தில் எல்லாச் சாதியாரும் அவற்றின் முன்னால் நிற்கிறார்கள். பெயரற்ற ஒரு பெண்ணாக உங்கள் படத்தில் எரிந்துபோனவளுக்கு இப்படி ஒரு பொருள், ஒரு பெயர், ஒரு நிலையம் கொடுத்திருந்தால், படம் முடிந்து வெளியே வரும் எங்களோடு அவளும் வந்திருப்பாள்.

எனவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஆவியாக வருபவர் யார், யாரால் எதற்காகக் கொல்லப்பட்டார், யாரிடம் என்ன கேட்க வருகிறார் என்பதை முடிவு செய்யாமல் அச்சமூட்டும் காட்சிகளை எழுதத் தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், அவரை எரிக்கும் முடிவு உங்களுக்கே கூசும். வரலாற்று ஆண்டு ஒன்றைத் திரையில் எழுத்தாகப் போடுவதற்கு முன்னால், அந்த ஆண்டைப் பற்றி அறிந்த ஒருவரிடம் திரைக்கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், எங்கள் பல்கலைக்கழகத்திலும் கல்லூரிகளிலும் நாட்டார் வழக்காற்றியல் கற்றவர்கள் இருக்கிறார்கள், மறுக்க மாட்டார்கள். கொடைக் காட்சி வைப்பதென்றால், படப்பிடிப்புக்காக ஒரு கொடையைச் செட்டுப் போட்டு நடத்துவதற்கு முன்னால் உண்மையான கொடை ஒன்றுக்கு, காமிரா இல்லாமல், சாமியை அழைக்கும் முதல்நாள் குடியழைப்பிலிருந்து மறுநாள் மஞ்சள் நீராட்டு வரை வந்து இருங்கள். கணியான் கூத்தில் மகுடப் பறைகள் இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை நேரில் கேளுங்கள். உங்கள் இசையமைப்பாளரையும் அழைத்து வாருங்கள்.

வில்லிசைக் கலைஞர்களையும் கணியான் கலைஞர்களையும் படத்தில் பயன்படுத்தும்போது, அவர்களைத் துணை நடிகர்களாகக் கணக்கிடாமல் கலைஞர்களாகவே நடத்துங்கள். இந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் உணவு வழங்கியவரின் பெயரும் வாகனம் கொடுத்தவரின் பெயரும் இருந்தன. வில்லடித்தவர்களின் பெயர் இல்லை. கதையைப் பாடிக் காத்தவர்கள் அவர்கள். படம் இணையத் திரைத் தளத்துக்கு வரும்போதாவது அவர்கள் பெயர்களைச் சேர்த்துவிட வேண்டும் என்றும், அவர்கள் பாடியதைக் குரலோடு ஒலிக்கவிட வேண்டும் என்றும் படக்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மறுபடப்பிடிப்பு எதுவும் தேவையில்லை.

இங்ஙனம்,
திருநெல்வேலிச் சீமையிலிருந்து,
உங்கள் படங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு பார்வையாளர்.